சயாம் இரயிலில் செத்த தமிழனின் பெயர் எங்கே?



தாய்லாந்து நாட்டில் காஞ்சனபுரி என்றொரு ஊர். அங்கே ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவத்திடம் கைதியாகி, சயாம் – பர்மா இரயில் பாதை வேலையில் உயிரைவிட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள் அவர்கள். வரிசை வரிசையாகக் கற்கள், கல்லின்மேல் தகடு, தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். புல்தரையை ஆள் போட்டு வெட்டிப் பராமரிக்கிறார்கள். உறவினர்கள் கடல் கடந்து வந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதில் நமக்குப் பொறாமை கிடையாது. செத்தவனுக்கு மரியாதை செய்வது மனிதப் பண்பு. ஆனால் அதே பாதையில், அதே ஆண்டில், அதே காலராவில் செத்த தோட்டத் தமிழனுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு சாண் இடமாவது உண்டா? இல்லை. அவன் பெயராவது எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை என்று கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பொன்முடி மலையில் கொழுந்து கிள்ளுகிற நமக்கும் சயாம் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலும் இராமநாதபுரத்திலும் வானம் பொய்த்தபோது ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று திசைக்குப் பிரிந்தார்கள். ஒருவன் ஆரல்வாய்மொழி தாண்டித் திருவிதாங்கூர் மலைகளுக்கு வந்தான். ஒருவன் தட்டப்பாறை, மண்டபம் முகாம்கள் வழியாக இலங்கைக்குப் போனான். மற்றொருவன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனான். மூன்று பேரையும் கூட்டிப் போனவன் கங்காணி. மூன்று பேருக்கும் கிடைத்த வீடு லயம். மலாயாவுக்குப் போனவனின் கதை நம் பெரியப்பன், சித்தப்பன் கதை. அது நம் வீட்டுக் கதை.

ஒரு தொழிலாளியின் வாழ்க்கை

அவனுக்கு நாம் பெயர் சூட்டப் போவதில்லை. உண்மைப் பெயரைப் பறித்தவர்கள் மத்தியில் நாம் ஒரு பொய்ப் பெயரை வைத்தால், அது அவனை இரண்டாம் முறை கொல்வதாகும். பல்லாயிரம் பேருக்குப் பொதுவாக நடந்ததை ஒருவனுடைய வாழ்க்கையாக வரிசைப்படுத்திச் சொல்கிறோம். அவ்வளவுதான்.

வாலிப வயதில் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு அவன் கப்பலேறினான். பினாங்கில் இறங்கியதும் நோய்த் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டான். பிறகு இரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவல், மாலையில் கள்ளுக்கடை. கூலியில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடையே விழுங்கிக்கொண்டது. 1930களின் ஆரம்பத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து இரப்பர் விலை விழுந்தபோது, முதலில் வெட்டப்பட்டது அவனுடைய கூலிதான். பல்லாயிரம் பேரை மீண்டும் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பினார்கள். அவன் எப்படியோ தங்கிவிட்டான், கல்யாணம் செய்தான், பிள்ளைகள் பிறந்தார்கள். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திற்று. அதன்பின் அவனுக்கு ஊர் தூரமாகிவிட்டது, தோட்டமே ஊராகிவிட்டது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்றார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளை அரசு என்ன செய்தது? நாதனைக் கைது செய்து நாடு கடத்திற்று. பட்டாளத்தை இறக்கிச் சுட்டது. தொழிலாளர்கள் செத்தார்கள், சங்கம் சிதைந்தது.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். 1941 மே மாதம் தொழிலாளியின் சங்கத்தை உடைத்தார்கள். அதே 1941 டிசம்பர் 8-இல் ஜப்பான் மலாயாவில் இறங்கிற்று. பினாங்கிலிருந்து வெள்ளையரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போன துரைமார்கள், தமிழனையும் சீனனையும் மலாய்க்காரனையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. தலைவன் இல்லை, சங்கம் இல்லை, இரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு கிடந்த அந்த மனிதனைத்தான் சயாம் இரயில் தேடி வந்தது.

கூட்டிப் போன விதம்

கடல்வழியில் பர்மாவுக்குப் படையும் சாமானும் அனுப்புவது ஜப்பானியருக்கு ஆபத்தாகிவிட்டது. எனவே சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையும் காடும் ஆறும் குறுக்கிட்ட வழியில் ஓர் இரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் வேலை தொடங்கிற்று. 1943 அக்டோபர் 17-இல் இரு முனைத் தண்டவாளங்களும் சேர்ந்தன. தண்டவாளத்தில் ஒரு பகுதியை மலாயாவின் கிழக்குக்கரை இரயில் பாதையைப் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் கிடைத்த இடத்திலிருந்தே ஆளையும் பிடுங்கிக் கொண்டுபோனார்கள்.

முதலில் ஆசை காட்டினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம், சாப்பாடு, மருந்து, திரும்பி வர இரயில். ஆள் சேரவில்லை என்றதும் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். கிராணிமாரும் கங்காணிமாரும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் மிஞ்சியபோது லாரியைக் கொண்டுவந்து சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். சயாமுக்குப் போகாமல் தப்பவே நேதாஜியின் படையில் பெயர் கொடுத்த இளைஞர்களும் உண்டு.

அவனைச் சரக்குப் பெட்டியில் நிற்க வைத்து நாட்கணக்கில் வடக்கே கொண்டுபோனார்கள். பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடத்தினார்கள். கூரையில்லாத மூங்கில் கொட்டகை, புழுத்த அரிசி, கருவாட்டுத் துண்டு. 1943-இல் பாதையை விரைந்து முடிக்க மேலிடத்து உத்தரவு வந்தது, மழையும் அதே சமயத்தில் வந்தது, காலராவும் வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்த முகாம்களில் ஒரே இரவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காலில் புண் வந்தவனுக்கு எலும்பு தெரிந்தது. உயிர் இருக்கும்போதே குழியில் தள்ளப்பட்டவர்கள் உண்டு என்று தப்பி வந்தவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1944-லும் 1945-லும் நேச நாட்டு விமானங்கள் பாலங்கள்மீது குண்டு போட்டபோது, அந்தக் குண்டிலும் செத்தவன் கூலியாள்தான்.

அவன் எந்த நாளில் செத்தான்? தெரியாது. எந்த மைல்கல்லில்? தெரியாது. தோட்டத்து லயத்தில் அவன் பெண்சாதி தாலியை அறுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த நாள் தெரியாததால் பிள்ளைகள் திதி கொடுக்க முடியவில்லை. கூலி என்று கொடுத்த ஜப்பானிய நோட்டு — வாழைமரம் அச்சிட்டது — 1945-இல் வெறும் காகிதமாயிற்று. ஊரில் அண்ணன் தம்பிக்குக் கடிதம் எழுதவும் அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவன் குடும்ப வரலாறு அத்தோடு அறுந்தது.

20,000 உயிர் இடைவெளி

போர்க் கல்லறை ஆணையம் ஒரு கணக்குச் சொல்கிறது. இந்த இரயில் பாதையில் செத்த போர்க்கைதிகள் சுமார் 13,000. மலாயா, இந்தோனேசியா, பர்மா, சயாம் நாடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலியாட்களில் செத்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை.

அந்த ‘முதல் – வரை’ என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். நடுவே 20,000 பேர் தொங்குகிறார்கள். செத்த போர்க்கைதிகள் எல்லாரையும் சேர்த்தாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது! சிப்பாயை ஒவ்வொருவனாக எண்ணினார்கள்; நம்மைக் குத்துமதிப்பாக அளந்தார்கள். மூட்டையை எண்ணுகிறபோதுகூடத் தோட்டத்துக் கிராணி இப்படிக் குத்துமதிப்பாக எண்ணுவதில்லை.

மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 78,000 பேர் போனதாகப் போருக்குப் பிந்தைய கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலோர் தமிழர்; மலையாளிகளும் தெலுங்கரும் மலாய்க்காரரும் சீனரும் உண்டு. செத்தவர் 30,000-க்குச் சற்றுக் குறைவு என்கிறது அந்தக் கணக்கு. 24,000-க்கும் மேற்பட்டோரை அது ‘ஓடிப்போனவர்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறது. காலரா முகாமிலிருந்து நோயோடும் பசியோடும் அடர்ந்த காட்டுக்குள் ஓடியவர்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்திருப்பார்கள்? சாவுக் கணக்கைக் குறைத்துக் காட்ட ‘ஓடிப்போனவன்’ என்ற சொல் எவ்வளவு வசதியாக இருக்கிறது!

‘ஒரு சிலீப்பர் கட்டைக்கு ஓர் உயிர்’ என்று உவமை சொல்லி உச்சுக்கொட்டுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. கட்டையை எண்ணிச் சம்பளம் போட்டவர்கள் இருந்தார்கள். ஆளை எண்ணியவர் யார் என்று கேட்பதுதான் அரசியல்.

சங்கம் இருந்தவனும் இல்லாதவனும்

வெள்ளைச் சிப்பாயின் பெயர் மட்டும் எப்படித் தப்பியது? நிறம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கைதியான பிறகும் அவர்கள் ஒரு அமைப்பாக இருந்தார்கள். அவர்களுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட ஆள் இருந்தது. அடி விழும்போது முன்னே போய்ப் பேச ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவனின் பெயரையும் புதைத்த இடத்தையும் யாரோ ஒருவன் இரகசியமாக எழுதி வைத்துக்கொண்டே இருந்தான். ஜப்பானியன் கண்ணில் படாமல் அந்தக் காகிதங்களைக் கல்லறைக்குள்ளேயே புதைத்தும் வைத்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அந்தக் காகிதங்கள் இல்லையேல் அது நடந்திராது.

அப்படியிருந்தும் ஐந்து கைதிக்கு ஒருவன் செத்தான். அமைப்பே இல்லாத தமிழன் என்ன ஆவான்? 1943 நடுவில்தான் கைதி டாக்டர்கள் சிலரையும் மருத்துவ உதவியாளரையும் கூலி முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். அவர்கள் பார்த்து எழுதியதை வைத்துத்தான் கூலி முகாம்களின் கோரத்தைப் பற்றி இன்று பெருமளவு தெரிகிறது. நம் சாவுக்குக்கூட அடுத்தவன் சாட்சி சொல்ல வேண்டிய நிலை!

இப்போது 1941-ஐ நினைத்துப் பாருங்கள். கிள்ளானில் உடைக்கப்பட்டது வெறும் கூலிப் போராட்டம் என்றா எண்ணுகிறீர்கள்? காட்டில் நம் ஆட்களைக் கூட்டி நிறுத்தி, தண்ணீரைக் காய்ச்ச வைத்து, பெயரை எழுதி வைத்திருக்கக்கூடிய தலைவர்களை அன்றே வெள்ளை அரசு நம்மிடமிருந்து பறித்துவிட்டது. சாட்டையால் அடித்தவன் ஜப்பானியன். கையைக் கட்டிக் கொடுத்தவன் பிரிட்டிஷ்காரன். பட்டியல் எழுதிக் கொடுத்தவன் நம் கங்காணி. மூன்று பேரையும் ஒருசேரக் குற்றக் கூண்டில் நிறுத்தாத வரலாறு அரை வரலாறு.

கைவிரித்த அரசுகள்

போர் முடிந்தது. பாதையின் சயாம் பகுதியை பிரிட்டன் தாய்லாந்து அரசுக்கு விற்றுக் காசாக்கிற்று. பாதை போட்டுச் செத்தவனின் விதவைக்கு அதில் ஒரு காசும் வந்து சேரவில்லை. 1951-இல் சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 16-ஆவது பிரிவு போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் நிவாரணம் அளிக்க வழிசெய்தது. தோட்டக் கூலி போர்க்கைதி ஆவானா? மாட்டான். சீருடை போடாமல் செத்தது அவன் குற்றம்!

நம் இந்திய அரசு அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1952 ஜூன் 9-இல் ஜப்பானோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டது. அதில் இழப்பீட்டுக் கோரிக்கைகள் அனைத்தையும் கைவிட்டது. பெருந்தன்மை என்று பத்திரிகைகள் பாராட்டின. யாருடைய பிணத்தின்மேல் நின்று யார் பெருந்தன்மை காட்டுவது? நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவன் இந்தியன். செத்தபோது பிரிட்டிஷ் பிரஜை. கணக்குக் கேட்க வேண்டிய நாளில் அவன் எவருக்கும் சொந்தமில்லாதவன்!

1967 செப்டம்பரில் ஜப்பான் மலேசியாவுக்கு 294 கோடி யென் தர ஒப்புக்கொண்டது. அதுவும் பொருளாகவும் சேவையாகவும். தொழிலாளியின் வீட்டுக்குப் பணமாக அல்ல. 2000-ஆம் ஆண்டு பிரிட்டன் தன் உயிரோடிருந்த முன்னாள் போர்க்கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. அப்போது உயிரோடிருந்த தோட்டத் தமிழன் அந்தப் பட்டியலில் இல்லை.

சினிமாவாவது அவனைக் காட்டிற்றா? 1957-இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படம் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கிற்று. அதைப் பெரும்பாலும் எடுத்த இடம் இலங்கை. தமிழ்த் தொழிலாளி தேயிலை கிள்ளுகிற நாடு. ஆனால் கதையில் தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை. பாலம் என்றால் வெள்ளைக்காரன் வீரம் என்று உலகம் நம்பிற்று.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள்தான் இந்த மக்களைப் பேச வைத்தன. 2023 மே மாதம் காஞ்சனபுரியில், கூலியாட்களின் எலும்புகள் புதைந்த புத்த ஆலயத்தில், தாய்லாந்துத் தமிழரும் மலேசியத் தமிழரும் முயன்று ஒரு நடுகல் நாட்டினார்கள். நல்ல காரியம், 80 ஆண்டு தாமதமான காரியம். நடுகல்லில் பெயர் வெட்டுவது நம் முன்னோர் வழக்கம். இங்கே வெட்டுவதற்குப் பட்டியல் எங்கே?

பொன்முடியிலிருந்து தொடங்குவோம்

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் போதாது. சயாமில் நடந்தது, சிறிய அளவில், நம் மலையிலும் நடக்கிறது. தோட்டம் நொடித்தால் முதலாளி கதவை இழுத்து மூடுகிறான். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய அம்மாள் பணிக்கொடை கேட்டால், உன் பெயர் பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நோயில் படுத்து வேலைக்கு வராதவனை ‘நின்றுகொண்டவன்’ என்று எழுதி விடுகிறார்கள். ‘ஓடிப்போனவன்’ என்ற சொல்லின் தம்பி அல்லவா அது? பிள்ளைக்கு ஜாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே உன் குடும்பம் கேரளத்தில் இருந்ததற்குக் காகிதம் கொண்டு வா என்கிறார்கள். தாத்தா எந்த ஆண்டு மலையேறினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாமல் பேத்தியின் படிப்பு நிற்கிறது.

எழுதப்படாத பெயருக்குக் கூலியும் இல்லை, இழப்பீடும் இல்லை, கல்லறையும் இல்லை. சயாம் இரயில் நமக்குச் சொல்லும் பாடம் இது ஒன்றே.

ஆகவே, முதலாவது வேலை நம்முடையது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு குடும்பப் பதிவேடு தொடங்குவோம். தாத்தா, பாட்டி பெயர், சொந்த ஊர், மலையேறிய ஆண்டு, வேலை பார்த்த தோட்டம், இறந்த நாள், புதைத்த இடம் அனைத்தையும் எழுதுவோம். மலாயாவுக்கோ இலங்கைக்கோ போன உறவு இருந்தால், அவர் பெயரையும் கடைசியாகக் கடிதம் வந்த ஆண்டையும் எழுதுவோம். 80, 90 வயதுப் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருப்பது நாளை இருக்காது. எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களருகே உட்காரட்டும். பி.எஃப். எண், சம்பளச் சீட்டு, வேலைப் பதிவு ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டிலும் ஒன்று சங்கத்திலும் இருக்கட்டும்.

இரண்டாவது வேலை அரசுகளுடையது. அதைச் செய்ய வைப்பது நம்முடையது. 1952-இல் கைவிட்டது பணக் கோரிக்கையைத்தான். பெயர் கேட்கும் உரிமையை யாரும் கைவிடவில்லை. கைவிட எவருக்கும் அதிகாரமும் இல்லை. ஜப்பானிடமும் பிரிட்டனிடமும் உள்ள கூலியாட்கள் பற்றிய ஆவணங்களை இந்திய அரசும் மலேசிய அரசும் கேட்டு வாங்கி மக்கள் முன் வைக்க வேண்டும். தமிழ்நாடு, கேரள அரசுகள் தங்கள் மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குப் போனவர்களின் பட்டியலைத் தொகுக்க முன்வர வேண்டும். அந்த இரயிலில் மலையாளிகளும் செத்தார்கள். எனவே பக்கத்து வீட்டு மலையாளித் தோழரையும் இந்தக் கோரிக்கையில் சேர்த்துக்கொள்வோம்.

காட்டுக்குள் காகிதத்தை ஒளித்து வைத்து எழுதிய கைதிக்கு உயிர்ப் பயம் இருந்தது, ஆனாலும் எழுதினான். நமக்கு அந்தப் பயமும் இல்லை. நோட்டும் பேனாவும் இருக்கின்றன. இனி எழுதாமலிருந்தால், பழியை ஜப்பானியன்மேலும் துரைமேலும் மட்டும் போட முடியாது.

செத்தவர் பெயரைக் கேட்போம்! இருப்பவர் பெயரை எழுதுவோம்! சங்கமாய் நிற்போம்!